விதைநெல்லுக்கு வயதாகிறதா?

பர்மாவின் தட்டோனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது:

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வயது 47. சாயாக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு தங்கைகளையும் கரையேற்றிவிட்டு 44 வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டேன். மனைவிக்கு 36. மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. ஆகஸ்டில் ரங்கூனுக்கு வந்து விந்துப் பரிசோதனை செய்தேன். எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 1 கோடி 40 லட்சம், முன்னோக்கி நீந்துவது 24 சதவீதம் என்று வந்தது. 'ஆம்பளைக்கு ஏதுடா வயசு, உன் தாத்தாவுக்கு 62-ல் பிள்ளை பிறக்கலையா' என்கிறார் பெரியப்பா. கூட்டாளி ஒருவனோ மொபைலில் எதையோ படித்துவிட்டு, வயதானால் விந்து உற்பத்தி செய்கிற ஸ்டெம் செல்லே செத்துவிடும், பாங்காக் போய் ஊசி போட்டுப் புதுப்பித்துக்கொள் என்கிறான். மருந்துக் கடைக்காரர் ஒருவர் அதுவரை ஆண்மை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? என் விதைக்கே வயதாகிவிட்டதா?"

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இன்னும் இரண்டு தகவல் கிறுக்கியிருக்கிறார்: எடை 194 பவுண்டு, உயரம் 5 அடி 5 அங்குலம், ஜூலைக் கடைசியில் டெங்கு வந்து ஒரு வாரம் படுக்கை. நான்கு பக்கத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்த ஓரக் கிறுக்கல்தான்.

தம்பி, மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஆண்மை ஊசி. இதுவரை போட்டிருக்காவிட்டால் போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு உள்ளூர் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் இருப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். வெளியிலிருந்து அது ஏறியதும், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'சரக்கு நிறைய இருக்கிறது' என்று நினைத்து, விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். உத்தரவு நின்றால் விரைக்குள் சுரப்பதும் நின்றுபோகும். விந்தணு உருவாக விரைக்குள் வேண்டிய அளவு, ரத்தத்தில் ஓடுவதைப் போலப் பல மடங்கு. ஊசியால் ரத்தம் நிறையும், விரை காயும். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் இதே மருந்தை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகச் சோதித்துப் பார்த்தது, பெரும்பாலானவர்களுக்கு விந்தணு பூஜ்யத்துக்கோ அதன் அருகிலோ போனது என்று சொன்னால் போதும் அல்லவா? பிள்ளை வேண்டும் என்று வருபவருக்குக் கருத்தடை மருந்தை விற்கிற கூத்து நம் ஊர்களில் தினமும் நடக்கிறது.

இனி உங்கள் கேள்வி. பெகுவுக்குப் பக்கத்தில் என் அப்பா குத்தகை நிலம் உழுதவர். எங்கள் வீட்டுப் பரணில் வைக்கோல் பிரி சுற்றி, சாணி மெழுகிய விதைக்கோட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அடுப்புப் புகை அதில் படிந்து படிந்து கறுத்திருக்கும். ஒரு வருஷம் வெள்ளத்தில் பயிர் போய், வீட்டில் கஞ்சிக்கே தட்டுப்பாடு. அப்போதும் அம்மா அந்தக் கோட்டையை அண்ணாந்து பார்த்தாளே தவிர, கை வைக்கவில்லை. அதைக் குத்தித் தின்றால் அடுத்த ஆனியில் நாற்றங்காலில் தெளிக்க ஒன்றும் இருக்காது.

ஆணின் விரைக்குள்ளும் அப்படி ஒரு விதைக்கோட்டை இருக்கிறது. உங்கள் கூட்டாளி ஸ்டெம் செல் என்றாரே, அதுதான். விரைக்குள் நூலைவிட மெல்லிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. குழலின் உட்சுவரை ஒட்டி, தரையோடு தரையாக இந்தச் செல்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்று பிரிந்து இரண்டாகும்போது, மொத்தத்தில் ஒரு பங்கு விதையாகவே தங்கிவிடும், ஒரு பங்கு நாற்றங்காலுக்குப் போகும். நாற்றங்காலுக்குப் போனது மேலும் மேலும் பிரிந்து, தலை சுருங்கி, வால் முளைத்து விந்தணுவாகும். இதற்கு ஏறக்குறைய 74 நாள். அப்புறம் வெளிக் குழாயில் முதிர்ந்து நீந்தப் பழக இன்னும் சில நாள். மூன்று மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நல்ல ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு இதயத் துடிப்புக்கு ஆயிரம் விந்தணு என்ற வேகத்தில் இந்த அறுவடை நடக்கிறது. பெண்ணுக்கு இந்த வசதி இல்லை. அவள் கருமுட்டைகள் அத்தனையும் அவள் பிறக்கும் முன்பே எண்ணி வைக்கப்பட்டுவிடுகின்றன, எடுக்க எடுக்கக் குறையும். பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது.

கோட்டையில் உள்ள நெல்லுக்கு வயதாகிறதா, அல்லது வயலுக்கா? இதை எலியில் ரொம்ப அழகாகச் சோதித்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டர் குழு 2006-ல் வெளியிட்ட வேலை அது. இளம் எலியின் விந்து ஸ்டெம் செல்லை எடுத்து இன்னொரு இளம் எலியின் விரைக்குள் நட்டார்கள். மூன்று மாதம் கழித்து அங்கிருந்து பிடுங்கி மற்றொரு இளம் எலிக்கு. இப்படியே மாற்றி மாற்றி நட்டுக்கொண்டு போனதில், அந்த ஸ்டெம் செல்கள் மூன்று வருஷத்துக்கு மேலும் விந்து கொடுத்தன. ஆய்வுக்கூட எலியின் ஆயுளே சாதாரணமாக இரண்டு, இரண்டரை வருஷம்தான். சொந்த உடம்பில் இருந்திருந்தால் எப்போதோ ஓய்ந்திருக்கும் விதை, புது வயல் கிடைத்ததும் ஆயுளைத் தாண்டி முளைத்தது.

மனிதனிடம் இப்படிப் பிடுங்கி நட முடியாது. ஆனால் 2022-ல் யூட்டா பல்கலைக்கழகத்தார், உடல் உறுப்புத் தானம் செய்தவர்களின் விரைகளை எடுத்து, 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்களைத் தனித்தனியாகப் படித்துப் பார்த்தார்கள். இருபதை ஒட்டிய இளைஞர்கள் ஒரு பக்கம், அறுபதைத் தாண்டியவர்கள் மறுபக்கம். ஸ்டெம் செல்லில் தெரிந்த வயது மாற்றம் கொஞ்சம்தான். அதைச் சுற்றியிருக்கும் செல்களில் மாற்றம் நடுத்தரம் முதல் கடுமை வரை. அதாவது கோட்டை நெல் ஓரளவு அப்படியே இருக்கிறது, வரப்பும் மடையும் மண்ணும்தான் சிதைகின்றன.

மண் என்று நான் சொல்வதில் முக்கியமானது செர்டோலி செல். 1865-ல் என்ரிக்கோ செர்டோலி என்ற இத்தாலிய இளைஞர் கண்டு சொன்னது. ஒவ்வொரு விந்தணுவையும் மடியில் வைத்து ஊட்டி வளர்க்கிற தாதி இது. பருவம் வந்த பிறகு இந்தச் செல் பெருகாது. இருப்பதைக் கொண்டு ஓட்ட வேண்டியதுதான். 1984-ல் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தவர்கள், 50 வயதுக்குக் கீழ் இருந்தவர்களிடம் ஒரு விரைக்கு ஏறக்குறைய 50 கோடி என்றும், 50-ஐத் தாண்டியவர்களிடம் 30 கோடி என்றும் கண்டார்கள். தாதி குறைந்தால் வளர்க்கக்கூடிய பிள்ளையும் குறையும். இதோடு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல் சோர்கிறது, குழலின் சுவர் தடிக்கிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு எண்ணிக்கையும் நீச்சலும் இறங்குவதன் பின்னணி இதுதான்.

யூட்டா ஆய்வில் என்னை நிமிர வைத்தது வேறொன்று. வயதானவர்களில் உடல் பருமன் கூடக் கூட, விரைக்குள் சிதைவும் கூடியிருந்தது. இளைஞர்களிடம் பருமனுக்கும் சிதைவுக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. 47 வயதுக்காரர் அந்த இரண்டு கூட்டத்திலும் இல்லை, அதனால் அளவெடுத்து உங்களுக்குப் பொருத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. 194 பவுண்டும் 5 அடி 5-ம் சேர்த்துக் கணக்குப் போட்டால் உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 32. முப்பதைத் தாண்டினாலே உடல் பருமன் என்று எழுதுவோம்.

எடை எங்கிருந்து வருகிறது என்று உங்கள் கடைக்கு வராமலே என்னால் சொல்ல முடியும். சாயாக் கடைக்காரர் சாப்பாட்டில் தின்பது குறைவு, ருசி பார்ப்பதில் தின்பது அதிகம். ஒவ்வொரு பானைக்கும் ஒரு அரை கோப்பை, ஒவ்வொன்றிலும் டின்பால். பத்துத் தடவை பார்த்தால் என்ன ஆகும்? நடுவில் ஓரம் கருகியது என்று கழித்துப் போட்ட பலாட்டா (பரோட்டாதான்) வேறு. ருசி பார்க்கும் வேலையைக் கடைப் பையனிடம் கொடுங்கள். ஆறு மாதத்தில் 15 பவுண்டு இறக்கினால் எனக்குத் திருப்தி. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இறக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அடுப்பு. விரை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் உண்டு. உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். நம் ஊரில் கைலி கட்டுகிற ஆண்களுக்கு இந்த விஷயத்தில் ஆண்டவன் அருள் உண்டு, இறுக்கமான ஜீன்ஸ் போடுகிறவர்களைவிடக் காற்றோட்டம். ஆனால் அதே கைலியைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு, பலாட்டாக் கல்லின் வாய்க்கு நேர் எதிரே காலை நாலு மணியிலிருந்து நின்றால் அருள் எத்தனை நேரம் தாங்கும்? பேக்கரி அடுப்பு மாதிரியான சூட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு தங்க நாளாவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கல்லுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு செங்கல் தடுப்பு வைத்தால்கூட வித்தியாசம் தெரியும். குன்யா என்கிற வெற்றிலைச் சுருள் மெல்லுகிற பழக்கமும் சுருட்டும் உண்டு என்றால் விட்டுவிடுங்கள். சுருட்டு விந்துக்கும் ஆகாது, இரண்டும் வாய்க்கு ஆகாது.

சரி, இப்போது அந்த அறிக்கை. ஜூலைக் கடைசியில் டெங்கு, ஆகஸ்டில் பரிசோதனை. அந்த மூன்று மாதக் கணக்கை இங்கே போடுங்கள். ஆகஸ்டில் நீங்கள் கொடுத்த விந்தணுக்கள் காய்ச்சல் அடித்த வாரத்தில் விரைக்குள் பாதி வளர்ந்த பயிராகவோ, முதிரக் காத்திருந்த கதிராகவோ நின்றவை. 103 டிகிரி காய்ச்சல் அவற்றின் மேல்தான் ஓடியது. வெள்ளம் வடிந்த வாரத்தில் அறுத்துவிட்டு, மகசூல் குறைந்துவிட்டது, நிலத்துக்கு வயதாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? பரிசோதனை செய்தவர் காய்ச்சல் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை போலும்.

நவம்பரில் மறுபடி எடுங்கள். அதற்கு முன் குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் விந்து வெளியேறாத இடைவெளி வேண்டும். ரங்கூன் ஆய்வுக்கூடத்திலேயே கொடுக்க வேண்டும். ஒருவர் வெளியூரில் எடுத்த விந்தை மீன்காரரின் பனிக்கட்டியில் பொதிந்து, அரை நாள் பஸ்ஸில் கொண்டுவந்து, பெருமையோடு என் மேஜையில் வைத்தார். நுண்ணோக்கியில் ஒன்றுகூட அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே பார்த்தால்தான் கணக்கு.

உங்கள் எண்கள் அப்படி ஒன்றும் பயங்கரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு மில்லிக்கு 1 கோடி 60 லட்சம், முன்னோக்கி நீந்துவது 30 சதவீதம் என்று கோடு போடுகிறது. அது பாஸ் மார்க் கிடையாது. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையாக நிறுத்தி, கடைசி 5 சதவீதம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் போட்ட கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் இருக்கிறார்கள். நவம்பரிலும் குறைவாகவே வந்தால், விரைக்கு மேல் நரம்பு புடைத்திருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும், ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். புடைப்பு இருந்தால் சரி செய்ய வழி உண்டு.

உங்கள் கூட்டாளி சொன்னதற்கு வருகிறேன். ஸ்டெம் செல் செத்திருந்தால் அறிக்கையில் பூஜ்யம் வந்திருக்கும். ஒரு மில்லிக்கு 1 கோடி 40 லட்சம் வந்திருக்கிறதென்றால் கோட்டை பரணில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் பொருள். பாங்காக் மாதிரி இடங்களில் ஸ்டெம் செல் என்று விற்பது பெரும்பாலும் கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த வேறு வகைச் செல். அது விந்தாக மாறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையான விந்து ஸ்டெம் செல்லை மீண்டும் நடுகிற வேலையைச் சில ஆய்வு மையங்கள் இப்போதுதான் தொட்டிருக்கின்றன. அதுவும் சிறு வயதில் புற்றுநோய் சிகிச்சை எடுத்து விதையே அழிந்துபோனவர்களுக்காக, சிகிச்சைக்கு முன்பே எடுத்து உறைய வைத்த அவர்களுடைய சொந்தச் செல்லைக் கொண்டு. உங்களுக்கு அது எதற்கு?

வயது விதையைத் தொடவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்து எழுதுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் எங்காவது ஒரு சுழி விடும், ஒரு புள்ளி தவறும். அடுத்தவர் அந்தப் பிழையோடு சேர்த்துத்தான் எழுதுவார். விந்து ஸ்டெம் செல் பருவம் வந்த பிறகு வருஷத்துக்கு ஏறக்குறைய 23 தடவை பிரிகிறது. 20 வயதில் 150 தடவை பெயர்த்து எழுதியிருக்கும், 40 வயதில் 610 தடவை. 2012-ல் ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களின் மரபணுவைப் படித்தபோது, 20 வயதுத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் புதிதாக வரும் எழுத்துப் பிழை சுமார் 25 என்றும், 40 வயதுத் தகப்பனிடமிருந்து 65 என்றும் கண்டார்கள். தாயிடமிருந்து வந்தது 15 அளவில்தான்.

65 என்றதும் பயப்படாதீர்கள். 300 கோடி எழுத்துள்ள சுவடி அது. பெரும்பாலான பிழைகள் யாரும் படிக்காத இடத்தில் விழுகின்றன. ஒரு சில பிழைகள் மட்டும் விசித்திரமானவை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆன் கோரியலியும் ஆண்ட்ரூ வில்கியும் இதில் பல வருஷம் உழைத்தவர்கள். சில மரபணுக்களில் பிழை விழுந்த ஸ்டெம் செல் கெட்டுப்போவதற்குப் பதிலாக, பக்கத்துச் செல்களைவிடக் கொழுத்துப் பெருகிக் குழலில் இடம் பிடிக்கிறது என்று காட்டினார்கள். நாற்று விட்டவர்களுக்குத் தெரியும், நெற்சக்களத்தி என்று ஒரு களை, நெல்லைப் போலவே பச்சையாக நிற்கும், நெல்லைவிட வேகமாகத் தூர் கட்டும். அந்த மாதிரி. மண்டை ஓட்டு எலும்புகள் ஒன்றோடொன்றும் விரல்கள் ஒன்றோடொன்றும் ஒட்டிப் பிறக்கும் ஏபர்ட் நோயும், கை கால் குட்டையாகும் ஒரு வகைக் குள்ளத்தன்மையும் வயதான தகப்பன்களின் பிள்ளைகளிடம் கூடுதலாக இருப்பது இதனால்தான். கடைசியாகப் பிறந்த பிள்ளைகளிடம் இந்தக் குள்ளத்தன்மை அதிகம் என்பதை வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 1912-லேயே கவனித்துவிட்டார்.

எவ்வளவு கூடுதல்? இவை பல ஆயிரம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவுக்கு அரிதானவை. சில மடங்கு கூடினாலும் அரிதாகவே இருக்கும். ஆட்டிசம், மனச்சிதைவு போன்றவையும் தகப்பன் வயதோடு சற்று ஏறுகின்றன, ஆனால் 47 வயதில் தகப்பனாகும் ஆளின் பிள்ளை ஆரோக்கியமாகப் பிறக்கும் வாய்ப்பே மிக மிக அதிகம். இதற்காகப் பிள்ளை ஆசையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். கரு தங்கிய பிறகு ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி பெற்ற ஆளைப் பற்றி. உங்கள் மனைவி. நம் குடும்பங்களில் வழக்கமாக முதலில் பெண்ணைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுப்பார்கள். கணவன் பத்து வருஷம் கழித்துத்தான் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்வான். நீங்கள் முதலில் போனதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவருக்கு ஏதாவது பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. 35-ஐத் தாண்டிய பெண் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால் பார்க்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு மூன்று வருஷம் ஓடிவிட்டது. முப்பத்தைந்துக்கு மேல் கருமுட்டை இறங்கும் வேகம் உங்கள் விரையின் வயது மாற்றத்தைவிட அதிகம். பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: தாத்தாவுக்கு 62-ல் சித்தப்பா பிறந்தபோது பாட்டிக்கு என்ன வயது?

அதனால் உங்கள் மனைவி நவம்பர் வரை காத்திருக்கக் கூடாது. இந்த மாதமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, கருமுட்டை இருப்பு, தைராய்டு, கருக்குழாய் அடைப்பு, கருப்பை ஸ்கேன் இவற்றை முடிக்கட்டும். இருவர் அறிக்கையும் கையில் வந்த பிறகுதான் இயற்கையாக முயல்வதா, மருந்தா, ஆய்வுக்கூடத்தில் ஒரு விந்தணுவை எடுத்து ஒரு முட்டைக்குள் செலுத்தும் முறையா என்று பேச முடியும். அந்த முறைக்கு உங்களிடம் இருக்கும் எண்ணிக்கையே தாராளம்.

பாங்காக்குக்கு ஒதுக்கி வைத்த பணம் இதற்கெல்லாம் போக மீதமும் இருக்கும். நவம்பரில் வரும்போது ஆகஸ்ட் அறிக்கையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மனைவியையும் அழைத்து வாருங்கள்.